மக்களைத் தேடி மருத்துவம்: மாத்திரைக்கு முழு மதிப்பெண், பராமரிப்புக்குப் பாதி

மருந்தையும் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவரும் தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' சேவையைப் பற்றி, நடமாடக்கூடிய முதியவர் இருக்கும் வீட்டில் கேட்டால் ஒரு பதிலும் படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனித்துக்கொள்ளும் வீட்டில் கேட்டால் வேறொரு பதிலும் கிடைக்கும். முதல் வீட்டில் நிறைவு. இரண்டாம் வீட்டில் நன்றியோடு 'இன்னும் கொஞ்சம் அடிக்கடி வந்தால் தேவலை' என்ற ஏக்கமும் சேர்ந்திருக்கும். வந்து போகும் பணியாளர்களின் அக்கறைக் குறைவை இதற்குக் காரணமாகச் சொல்வது நியாயமன்று. எந்த வேலைக்கு எத்தனை ஆள், எவ்வளவு பணம் என்று அரசு வகுத்த கணக்கிலேயே அந்த வேறுபாடு இருக்கிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் இந்தத் திட்டம் தொடங்கப்பட்டபோது, அதற்குப் பின்னால் சங்கடமான ஒரு புள்ளிவிவரம் இருந்தது. 2020இல் மாநில அளவில் எடுக்கப்பட்ட ஆய்வில், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை நோயாளிகளில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. மாத்திரைக்கு அப்போதும் பஞ்சமில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி அனுப்பும் மருந்துகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைத்தன. ஆனால் அதை வாங்கிவர ஒரு நாள் கூலியை விட வேண்டும், பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும், முதியவர் என்றால் துணைக்கு இன்னொருவரும் வர வேண்டும். இந்தத் தடையை நீக்குவதற்காகத்தான் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் குளுக்கோமீட்டரும் கொடுத்து, தெருத் தெருவாக அனுப்பினார்கள்.

இந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண் தருவதில் எனக்குத் தயக்கமில்லை. அதே ஊரைச் சேர்ந்த பெண் என்பதால், எந்த வீட்டுப் பெரியவர் மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு விழுங்காமல் இருக்கிறார் என்பது வரை அவருக்குத் தெரியும். எந்த மென்பொருளும் தர முடியாத விவரம் அது. அடுத்து வந்த மாநில ஆய்வில் கட்டுப்பாட்டு விகிதம் இரத்தக் கொதிப்பில் 17 விழுக்காடாகவும் சர்க்கரையில் 16.7 விழுக்காடாகவும் உயர்ந்திருந்தது. பெரும்பாலானோருக்கு நோய் இன்னும் அடங்கவில்லை என்பதையும் அதே எண்கள் சொல்கின்றன என்றாலும், சில ஆண்டுகளுக்குள் இந்த அளவுக்கு ஏறுவது எளிதன்று. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருது கிடைத்ததும் இந்தத் தொற்றா நோய்ப் பணிக்குத்தான். அது தகுதியான விருது.

ஆனால் அரசு அறிவித்த சேவைகளின் பட்டியலில் மாத்திரையோடு இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி), தீராத நோயில் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் நோய் தணிப்புப் பராமரிப்பு, சிறுநீரக நோயாளிகள் வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்றுவழி டயாலிசிஸுக்கான திரவப் பைகள் ஆகியவையும் உண்டு. பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவது, வெளியில் சொந்தப் பணத்தில் வாங்கிக் கட்டுப்படியாகாத குடும்பங்களுக்குப் பெரிய உதவி. இயன்முறை சிகிச்சையும் நோய் தணிப்பும்தான் ஆள் பலத்தில் தடுமாறுகின்றன. முதற்கட்டத்தில் 50 வட்டாரங்களுக்கு, தெருத் தெருவாகப் போகும் அந்தப் பெண் தன்னார்வலர்கள் 1,264 பேர், 50 இயன்முறை சிகிச்சையாளர்கள், 50 நோய் தணிப்புச் செவிலியர்கள் என்று அமர்த்தினார்கள். அதாவது வட்டாரத்துக்கு ஒரு சிகிச்சையாளர், ஒரு செவிலியர். தமிழ்நாட்டில் ஒரு வட்டாரத்தின் ஊரக மக்கள்தொகை சராசரியாக இலட்சத்தை ஒட்டியது. மாநிலத்தில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2021 மதிப்பீட்டின்படி 13.6 விழுக்காடு, இந்தியாவில் கேரளத்துக்கு அடுத்தபடி இங்குதான் முதியோர் விகிதம் அதிகம். பக்கவாதம் வந்தவருக்கு முதல் சில மாதங்களில் அன்றாடம் பயிற்சி தேவைப்படும் நிலையில், வட்டாரம் முழுவதற்கும் இருக்கும் ஒரே சிகிச்சையாளர் எத்தனை வீட்டுக்கு எத்தனை முறை போக முடியும்? அவர் செய்யக்கூடியது, வீட்டாருக்குப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதுதான். பெரும்பாலும் அந்த வீட்டின் மருமகளோ மகளோ சம்பளமில்லாத சிகிச்சையாளராகிவிடுகிறார்.

செவிலியர் வரும் நாளில் படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுவார், சிறுநீர்க் குழாயை மாற்றுவார். ஆனால் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது ஆகிய வேலைகளுக்கு இத்திட்டத்தில் ஆளே இல்லை. தனியார் நிறுவனத்திலிருந்து ஆள் வைக்கலாமென்றால், மாநில அரசு தரும் முதியோர் உதவித்தொகையான 1,200 ரூபாய் சில நாளைக்குக்கூடக் காணாது. அந்தத் தொகைக்குள் ஒன்றிய அரசு தன் பங்காக ஒதுக்குவது எண்பது வயது வரை 200 ரூபாய், அதற்கு மேல் 500 ரூபாய். தேநீர்ச் செலவுக்குத்தான் சரியாக இருக்கும்.

தன்னார்வலர்களின் நிலையையும் சேவையின் தரத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அவர்களுக்குக் கிடைப்பது மாதம் ஐயாயிரம் ரூபாயை ஒட்டிய ஊக்கத்தொகை. ஊதியம் என்ற பெயரே அதற்குக் கிடையாது. தொகையை உயர்த்தவும் பணியை நிரந்தரமாக்கவும் கேட்டு அவர்கள் போராடியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தையல் கடையில் கூடுதலாகக் கிடைக்கிறது என்று விலகினால், அந்தத் தெருவைப் பற்றி அவர் சேர்த்து வைத்திருந்த அறிவும் அவரோடு போய்விடும்.

கேரளம் 2008இல் நோய் தணிப்புக்கென்று தனிக் கொள்கை வகுத்து, வீட்டுப் பராமரிப்புச் செலவை உள்ளாட்சி அமைப்புகளின் திட்ட நிதியில் வைத்தது. பயிற்சி பெற்ற செவிலியர் பஞ்சாயத்து அளவில் இருக்கிறார். அங்கே பஞ்சாயத்துகள் பெரியவை, நிதியும் கூடுதல். இங்கு பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் பல மிகச் சிறியவை என்பதால் அதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. வட்டார அளவில்தான் செய்ய வேண்டும். தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் நிதியில் ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கீடு இருக்கிறது; அடுத்த ஒதுக்கீட்டில் புதிய முகாம்களுக்குப் பெயர் சூட்டுவதைத் தள்ளிவைத்துவிட்டு, வட்டாரத்துக்கு இரண்டாவது இயன்முறை சிகிச்சையாளரையும் இரண்டாவது செவிலியரையும் கேட்டால் நல்லது. விருப்பமுள்ள தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தந்து, முறையான ஊதியத்தில் வீட்டுப் பராமரிப்பாளர்களாக உயர்த்தலாம். ஊர் அறிந்த ஆட்கள் ஏற்கெனவே கையில் இருக்கிறார்கள்.

இப்போதைக்கு, சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மருந்து வாங்குபவர்கள் தயங்காமல் துணை சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். படுக்கை நோயாளி இருக்கும் வீட்டார் பதிவு செய்யும்போதே நோய் தணிப்புச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வைப்பது நல்லது. சிகிச்சையாளர் முதல்முறை வரும்போது வீட்டில் பொறுப்பாகப் பார்த்துக்கொள்பவர் கட்டாயம் உடனிருந்து, பயிற்சிகளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். அடுத்த வருகை வரை அவர்களுக்கு அதுதான் துணை.