மாந்தோப்புக்கு பேட்டரி இல்லாத ஈர சென்சார்: பொருள் தேறுகிறது, விற்கிற விதம் தேறவில்லை

கிருஷ்ணகிரிப் பக்கத் தோப்புகளுக்கு விற்கப்படும் இந்தப் பெட்டி, மண் ஈரத்தை அரை மணிக்கொருதரம் அளந்து குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் எட்டும் லோரா ரேடியோவில் கேட்வேக்கு, அதாவது அளவை வாங்கி இணையத்தில் ஏற்றும் பெட்டிக்கு, அனுப்புகிறது. 865–867 மெகாஹெர்ட்ஸ், லைசென்ஸ் தேவையில்லை. மேலே உள்ளங்கை அகலத்துக்கு சோலார் தகடு. உள்ளே பேட்டரிக்குப் பதில், சீக்கிரம் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் 10 ஃபாரட் சூப்பர் கெப்பாசிட்டர்.

கணக்கு இடிக்கவில்லை. 5 வோல்ட்டிலிருந்து 2.2 வோல்ட்டுக்கு இறங்குவதற்குள் சுமார் 100 ஜூல் கிடைக்கும். அளக்கவும் அனுப்பவும் நாளுக்கு 6 ஜூல், கெப்பாசிட்டர் தானாகக் கசியவிடுவது கிட்டத்தட்ட இன்னொரு 6. வெயிலே அடிக்காவிட்டாலும் ஒரு வாரம் ஓடும். முழுக்கக் காலியானால் மங்கிய வெளிச்சத்தில் எழுந்திருக்காது. அரை நாள் வெயிலில் வைத்த பிறகே நடுங்கள்.

தொல்லை மரத்தடியில்தான். கவிகை (இலை, கிளைக் குடை) நிழலில் தகடு பட்டினி கிடக்கும், அதனால் இரண்டு வரிசைக்கு நடுவே குழாய்க் கம்பத்தில் ஏற்ற வேண்டும். பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி கழிக்கும் தேன் போன்ற பிசின் தகட்டில் படியும், அதன்மேல் கரும்பூசணம் பிடிக்கும். ஊதினால் போகாது, வாரம் ஒருதரம் ஈரத்துணிதான். சென்சாரை வேர் பரவும் கவிகை ஓரத்தில், சொட்டுவானிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு அடி ஆழத்தில் இறக்குங்கள். சரளை மண்ணில் சென்சாரைச் சுற்றி காற்று நின்றால் ஈரம் இருந்தும் மண் காய்ந்ததாகக் காட்டும். சலித்த மண்ணைக் குழம்பாகக் கரைத்து ஊற்றி அமுக்குங்கள். ஒயரைக் குழாய்க்குள் விடாவிட்டால் அணிலுக்குத் தீனி.

விற்பனைக்கு வருவோம். 'பேட்டரி மாற்ற வேண்டாம், கரண்ட் மிச்சம்' என்கிறார்கள். விவசாய மோட்டாருக்கு இலவச மின்சாரம் தரும் தமிழ்நாட்டில் கரண்ட் மிச்சத்துக்கு யார் காசு கொடுப்பார்? இங்கே அரிதானது போர் தண்ணீரும், வால்வு திறக்க ஆளும். சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர் அமைப்பே 100 சதவீத மானியத்தில் வருகிறது. சென்சாருக்குத் தனி பில் என்றால் கை பையை விட்டு வெளியே வராது. சொட்டுநீர் டீலர் மூலம் சீசன் வாடகைக்கு விட்டால் நகரும். பெங்களூரா ரக மாங்காய் வாங்கும் மாங்கூழ் ஆலைகளிடம் மொத்தமாகப் பேசலாம்; காய் வரத்தை முன்கூட்டி அறியும் அக்கறை அவர்களுக்கும் உண்டு.

இன்னொன்று: கேட்வேக்குப் பிளக் கரண்ட்டும் சிம்மும் வேண்டும், அதை விளம்பரம் சொல்வதில்லை. அது நின்றால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.