மணிக்கட்டா தொடையா, பெரியாஸ்பத்திரியா கொழும்பா? அஞ்சியோகிராமுக்கு முன் ஒரு வீட்டு விவாதம்

மாமாவுக்கு அஞ்சியோகிராம் (இதயத்து இரத்தக்குழாய்களுக்குள் சாயம் விட்டு எக்ஸ்ரே படம் எடுப்பது) செய்யவேண்டும் என்று கிளினிக்கில் சொன்ன அன்று பின்னேரமே மானிப்பாய் வீட்டு விறாந்தையில் மூன்று கட்சிகள் உருவாகிவிட்டன. மாமி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக் கட்சி. மூத்த மகன் கொழும்புத் தனியார் கட்சி. கனடாவிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த மச்சான் சென்னையைத் தவிர வேறெதையும் கேட்கத் தயாராயில்லை. வருத்தக்காரர் மட்டும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, "செய்யாமலே விட்டால் என்ன தம்பி?" என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் வீடுகளில் நடக்கிற குழப்பம் பெரும்பாலும் ஒன்றுதான்: மாரடைப்பு வந்தவருக்கு ஓடி ஓடிச் செய்வதையும், படியேறினால் நெஞ்சு இறுக்குகிறவருக்கு நாள் குறித்துச் செய்வதையும் ஒன்றாகக் கதைப்பது.

மாரடைப்பு என்றால் போட்டி ஊசிக்கும் பலூனுக்கும் இடையில். இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியைவிட, கதீற்றர் என்ற மெல்லிய குழாயை விட்டுப் பலூனால் அடைப்பைத் திறப்பது திறம். ஆனால் ஈ.சி.ஜி.யில் மாரடைப்புத் தெரிந்த நேரத்திலிருந்து 120 நிமிடத்துக்குள் அது நடக்கக்கூடியதாக இருக்கவேண்டும். முடியாதென்றால் ஊசியை 10 நிமிடத்துக்குள் தொடங்கவேண்டும் என்பது ஐரோப்பிய இதய மருத்துவர்களின் வழிகாட்டல். ஊசிக்குக் கத் லாப், அதாவது கதீற்றர் வேலை செய்கிற அறை, தேவையில்லை. நெடுந்தீவு ஆள் ஒருவரை நினைத்துப் பாருங்கள்: குறிகட்டுவானுக்குப் படகில் வரவே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், பிறகு புங்குடுதீவு, வேலணை தாண்டிப் பட்டணம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. அவருக்கு, போட வசதியுள்ள கிட்டடி ஆஸ்பத்திரியில் கிடைக்கிற ஊசிதான் உயிர். குறையும் உண்டு: ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு மூளையில் இரத்தம் கசியலாம், முன்பு மூளையில் இரத்தக்கசிவு வந்தவருக்குப் போடவே கூடாது. போட்டபிறகும் வேலை முடியாது. 60 முதல் 90 நிமிடத்தில் ஈ.சி.ஜி.யில் உயர்ந்த கோடு போதியளவு இறங்காவிட்டால் உடனே கத் லாப். இறங்கினாலும் 2 முதல் 24 மணித்தியாலத்துக்குள் அஞ்சியோகிராம்.

இந்த ஓட்டத்தில் 400 கிலோமீற்றர் தள்ளி இருக்கிற கொழும்புக்கு இடமே இல்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள், 2018இலிருந்து அந்த இலவச அம்புலன்ஸ் இங்கேயும் ஓடுகிறது. "காஸ்" என்று சோடா குடித்துவிட்டு விடியும்வரை பார்ப்பதும், மோட்டச் சைக்கிளில் பின்னுக்கு இருத்திக்கொண்டு போவதும் வேண்டாம்.

நாள் குறித்துச் செய்வதில்தான் மூன்று கட்சிக்கும் வேலை. பெரியாஸ்பத்திரியில் கத் லாப் இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை, திகதி வரும்வரை காத்திருக்கவேண்டும். கொழும்பில் காசு கட்டினால் திகதி கெதியாகக் கிடைக்கும். ஆனால் சொல்லப்படுகிற தொகை அஞ்சியோகிராமுக்கு மட்டுமா, அந்த மேசையிலேயே ஸ்ரென்ற் (குழாயைத் திறந்தபடி வைத்திருக்கிற கம்பிவலை) வைத்தால் பில் எவ்வளவு என்று முதலே கேட்டு எழுதி வாங்குங்கள். காலை நீட்டிப் படுத்திருக்கிற மனுசனிடம் கையெழுத்துக் கேட்கிற நேரத்தில் விலை பேச ஏலாது. சென்னை, பலாலியிலிருந்து பிளேனில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே. போவது சுகம்தான். ஸ்ரென்ற் வைத்தபிறகு அஸ்பிரினோடு இன்னொரு குளிசையும் மாதக்கணக்கில் போடவேண்டும். நடுச்சாமம் நெஞ்சு நொந்தால் வைத்தவர் கடலுக்கு அங்காலே. எங்கே போனாலும் எக்ஸ்ரே மெஷினும் கதீற்றரும் சாயமும் அடிப்படையில் ஒரே சாதிதான். என் வாக்கு மாமிக்கு.

மச்சான் சொன்னதில் ஒன்று மட்டும் சரி: அவசரப்பட்டு ஸ்ரென்ற் வேண்டாம். சீனி வருத்தத்தோடு பல குழாயில் அடைப்பு இருந்தால் பைபாஸ் சத்திரசிகிச்சை மேல் என்று 2012இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. அப்படியானால் படத்தோடு இறங்கி வந்து யோசிக்கலாம்.

கை, தொடை விசயத்துக்கு வருவோம். பெரியம்மாவுக்கு முந்தித் தொடையில் செய்தார்கள். குழாயை எடுத்தபின் ஒருவர் நின்று அமத்தினார், பிறகு மண் மூட்டை, பிறகு ஆறு மணித்தியாலம் காலை மடக்காமல் மல்லாக்கப் படுக்கை. "நோ ஒண்டும் இல்லை, படுக்கையிலேயே சட்டி வைச்சதுதான் வெக்கம்" என்று இப்பவும் சொல்லுவா. மாமாவுக்கு வலது மணிக்கட்டு. 1989இல் கனடாவில் கம்போ என்ற இதய மருத்துவர் தொடங்கிவைத்த வழி. உள்ளே போகிற குழாய் இரண்டு மில்லிமீற்றர் அளவுதான். முடிந்ததும் கையில் கண்ணாடி போன்ற பட்டி ஒன்றைக் கட்டிக் காற்று நிரப்பினார்கள். தாதி வந்து வந்து சிறிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை எடுத்தா. மாமா கட்டிலில் இருந்து இடக்கையால் தேத்தண்ணி குடித்தார்.

இரத்தக்கசிவு கையில் குறைவு. அதனால் இப்போது கைதான் முதல் தெரிவு. சிலருக்குக் கை நாடி இறுகிக் கதீற்றர் ஏறாது, அப்போது தொடை. சிறுநீரகம் பழுது, பிறகு டயாலிசிஸ் வரலாம் என்றால் கையைக் காப்பாற்றி வைக்க விரும்புவார்கள், அதை முதலே சொல்லுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியேற்றினின் ரிப்போர்ட்டும் சீனி வருத்தத்துக்கு மெற்போமின் குளிசை போடுகிற விசயமும் இரு வழிக்கும் பொது, ஏனென்றால் சாயம் சிறுநீரகத்தால்தான் வெளியேறும்.

சி.டி. ஸ்கானில் செய்யும் அஞ்சியோவில் கதீற்றரே இல்லை. சந்தேகம் தீர்க்க நல்லது. சுண்ணாம்பு படிந்த குழாயில் படம் மயங்கும், அடைப்பைத் திறக்கவும் முடியாது.

இனி மாமாவின் கேள்வி. அது முட்டாள் கேள்வி இல்லை. 37 நாடுகளில் 5,179 பேரை வைத்துச் செய்த இஸ்கீமியா ஆய்வு 2020இல் வெளியானது. இடது பிரதான குழாயில் அடைப்பில்லாத, நிலையான நெஞ்சுநோக்காரர்களில், குளிசையோடு கதீற்றரும் சேர்த்தவர்கள் குளிசையோடு மட்டும் நின்றவர்களைவிடக் கூட நாள் வாழவில்லை. நெஞ்சுநோதான் குறைந்தது. மாமாவுக்குக் குளிசை போட்டும் சைக்கிள் மிதிக்க முடியவில்லை. அதனால்தான் போனோம். ஒரு குழாய், ஒரு ஸ்ரென்ற்.

மச்சான் அன்றிரவே படம் இருக்கிற சி.டி.யை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். வீடு முழுக்கத் தேடினோம், சி.டி. போட ஒரு மெஷின் இல்லை.