பழைய ஆச்சாவா, புது ஆச்சாவா? நாயனம் வாங்கும் முன்

நாயனம், அதாவது நாகஸ்வரம், வாங்கப் போகிறவர்கள் பாரியா திமிரியா என்றுதான் முதலில் கேட்பார்கள். அதில் குழம்ப ஒன்றுமில்லை. திமிரி குட்டை, சுருதி உச்சம். பாரி நீளம், குரலில் கனம். நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை எடுத்து வாசித்த பிறகு கச்சேரிக்குப் பாரி என்றே ஆகிவிட்டது. நானும் பாரிதான் வாசிக்கிறேன். வாங்கும்போது நான் கேட்கத் தவறியது, உலவு, அதாவது மரக்குழல், எந்த மரத்தில் கடைந்தது என்பதை.

நாயனத்துக்குக் கிடைக்கும் மரம் இரண்டு விதம், இரண்டும் ஆச்சா மரம்தான். ஒன்று சமீபத்தில் வெட்டிய மரம். மற்றது, இடித்த பழைய வீட்டில் உத்திரமாகவோ தூணாகவோ பல காலம் நின்ற மரம். நாயனம் செய்யும் ஊரான நரசிங்கம்பேட்டையின் பட்டறைகளில் தேடி வாங்குவது இந்த இரண்டாவதைத்தான். 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நாகஸ்வரம் அந்த ஊருடையது.

என் முதல் நாயனம் புது மரம். பளபளப்பு, நல்ல எடை, விலையும் குறைவு. வாங்கிய அன்று சுருதி சுத்தமாக நின்றது. இரண்டாவது கோடையில் மேல் ஸ்தாயி விலக ஆரம்பித்தது. வாயில் வைத்து ஊதும் சீவாளிதான் காரணம் என்று நினைத்து மாற்றி மாற்றிப் பார்த்தேன். சீவாளியைச் செருகும் கெண்டையையும் மாற்றினேன். அப்புறம் கீழே விரிந்த வாயான அணசுக்கு மேலே மயிரிழையாக ஒரு விரிசல் தெரிந்தது.

மரம் காயும்போது நீளவாக்கில் அதிகம் சுருங்காது, குறுக்கே சுருங்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை. அதனால் வட்டமாகக் கடைந்த துளை மெல்ல முட்டை வடிவமாகிறது. நாயனத்தின் உள்துளையோ மேலே ஒடுங்கிக் கீழே விரிவது. அந்த வாட்டம் கொஞ்சம் பிசகினாலும் ஸ்வரம் இடம் மாறும். போதாக்குறைக்கு உள்ளே மூச்சின் ஈரம், வெளியே ஊர்வலத்து வெயில். கீழே இருக்கும் ஐந்து துளைகளில் மெழுகு வைத்து ஓரளவு சரிக்கட்டலாம். உள்துளையே கோணினால் மெழுகு என்ன செய்யும்?

வீட்டு மரம் இந்தச் சுருக்கத்தையெல்லாம் கூரைக்கடியிலேயே முடித்துவிட்டு வருகிறது. இப்போது என் கையில் இருப்பது அப்படி ஒன்று. ஒன்பது வருஷமாக வாசிக்கிறேன். மார்கழிப் பனியிலும் சித்திரை வெயிலிலும் ஷட்ஜம் ஒரே இடத்தில் நிற்கிறது. வாசித்ததும் உள்ளே துணி விட்டுத் துடைப்பேன், அவ்வப்போது எண்ணெய் காட்டுவேன். வேறு பராமரிப்பு கிடையாது.

புது மரத்துக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். பல வருஷம் நிழலில் ஆறப்போட்டுக் கடைந்தால் அதுவும் நன்றாக நிற்கலாம். அப்படி ஒன்றை நான் வாசித்ததில்லை, அதனால் உறுதி சொல்ல முடியாது. ஒலியில் பழசுதான் இனிமை என்று பலர் சொல்வார்கள். என் காதுக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் அது ஒன்பது வருஷப் பழக்கமாகவும் இருக்கலாம்.

சீவாளிச் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான். அது காவிரிக்கரைக் கொறுக்கை என்ற நாணல் தட்டையில் செய்வது, எந்த மரத்தில் பொருத்தினாலும் தேய்ந்துதான் போகும்.

பழைய மரம் வாங்குவதென்றால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். உத்திரத்தில் அடித்த ஆணியின் ஓட்டையை அரக்கு வைத்து அடைத்திருப்பார்கள். அது விரல் துளைகளுக்குப் பக்கத்தில் இருந்தால் அந்த நாயனம் வேண்டாம்.