ஃபிஃப்த் வீலா, டிராவல் டிரெய்லரா, மோட்டார் ஹோமா?

எங்கள் டிரெய்லரை, அதாவது டிரக்கின் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீட்டை, எட்டிப் பார்க்கும் நண்பர்கள் முதலில் கேட்பது விலை. அடுத்து, "உள்ளேயே பாத்ரூம் இருக்கா?" இருக்கிறது. அதைச் சுத்தம் செய்யும் கதை பின்னால் வருகிறது. ஆனால் தாங்களும் ஒன்று வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது டிரெய்லருக்குள் இல்லை. பிக்கப் டிரக்கின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், உள்பக்கத் தூணில் மஞ்சள் பட்டை போட்ட சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் ஓர் எண் இருக்கும். பாதி முடிவை அந்த எண்ணே எடுத்துவிடும்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில். ஐந்து வருடம் 26 அடி டிராவல் டிரெய்லர் வைத்திருந்தோம். நடுவில் இரண்டு தடவை மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுத்து ஓட்டினோம். இப்போது நான்காவது வருடமாக 34 அடி ஃபிஃப்த் வீல். ஆகவே எனக்குச் சார்பு இருக்கிறது, ஒளிக்கவில்லை. மோட்டார் ஹோம்காரர்கள் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

டிராவல் டிரெய்லர், வண்டியின் பின் பம்பருக்குக் கீழே இருக்கும் இரும்புப் பந்தில் மாட்டிக்கொண்டு வரும். ஃபிஃப்த் வீல் அப்படியில்லை. டிரக்கின் பெட் என்கிற பின்பகுதிக்குள்ளேயே, ஏறக்குறைய பின் அச்சுக்கு நேர் மேலே பொருத்திய ஹிட்ச் என்கிற மாட்டல் கருவியில் ஏறி உட்கார்ந்துகொண்டு வரும். நெடுஞ்சாலையில் போகும் பதினெட்டுச் சக்கர லாரியின் அதே ஏற்பாடுதான், கொஞ்சம் சின்ன அளவில். குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கைவாட்டில் ஒரு சக்கரம் வைத்தார்கள். அந்த ஐந்தாவது சக்கரத்தின் பெயர்தான் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மோட்டார் ஹோமுக்கு மாட்டல் கழற்றல் எதுவும் கிடையாது. எஞ்சினும் வீடும் ஒன்று.

சரி, அந்தச் சீட்டுக்கு வருவோம். டிராவல் டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை வண்டியின் மேல் இறக்கும். ஃபிஃப்த் வீல் இறக்குவது சுமார் 20 சதவீதம், சிலவற்றில் அதற்கும் மேல். எங்கள் பழைய டிரெய்லர் 7,000 பவுண்டு. பந்தின் மேல் 900 பவுண்டு வந்தது. 1,700 பவுண்டு தாங்கும், ஹாஃப்-டன் என்று அழைக்கப்படும் சாதாரண இலகு ரக டிரக்கே அதற்குப் போதும். இப்போதிருப்பது சாமான்களோடு 14,000 பவுண்டு. கிங்பின் என்கிற இணைப்பு முளை வழியாக டிரக்கின் மேல் இறங்கும் எடை மட்டும் 2,800. ஹிட்ச் ஓர் 200. நாங்கள் இரண்டு பேர், கருவிப்பெட்டி, நாற்காலிகள் எல்லாம் சேர்த்து 500. மொத்தம் 3,500. ஒன்-டன் என்று அழைக்கப்படும் கன ரகமான எங்கள் டிரக்கின் சீட்டில் இருப்பது 3,900. மிச்சம் 400 பவுண்டுதான்.

விற்பவர்கள் இழுவைத் திறனைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். "உங்க டிரக் 12,000 பவுண்டு இழுக்கும் சார்" என்பார்கள். இழுக்கும். ஆனால் முதுகு தாங்குமா என்பது வேறு கணக்கு. சந்தேகம் இருந்தால் டிரக் ஸ்டாப்களில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) என்கிற எடை மேடையில் ஏற்றி எடை போட்டுவிடுங்கள். சில டாலர்தான் செலவு. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று தனித்தனியாக அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஓட்டும் சுகத்தில் ஃபிஃப்த் வீலுக்கு எதிரில் டிராவல் டிரெய்லர் நிற்க முடியாது. பந்து பின் அச்சிலிருந்து நாலைந்து அடி தள்ளி இருப்பதால், பெரிய லாரி ஒன்று தாண்டிப் போனாலே டிராவல் டிரெய்லர் வால் ஆட்டும். எடையைப் பகிரும் ஹிட்ச்சும் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிகளும் போட்டால் பெரிதும் குறையும், ஒரேயடியாகப் போகாது. ஃபிஃப்த் வீலில் அந்த ஆட்டம் அநேகமாக இல்லை. ஆனால் காற்றுக்கு யாரும் விதிவிலக்கல்ல. வயோமிங்கில் ஐ-80 நெடுஞ்சாலையில் காற்று கிளம்பினால், எடை குறைந்த உயரமான வண்டிகள் போகக்கூடாது என்று அடைத்துவிடுவார்கள். அங்கே மூன்றும் ஒன்றாக ஓரங்கட்டி நிற்கும்.

திருப்பத்தில் நிலைமை தலைகீழ். ஃபிஃப்த் வீல் மூலையை உள்வாங்கி வெட்டும். டிராவல் டிரெய்லர் ஓட்டிய பழக்கத்தில் திருப்பினால் பெட்ரோல் பங்க்கின் மஞ்சள் தூணுக்கு நேராகப் போவோம். நான் போயிருக்கிறேன்.

மாட்டும்போது நடப்பதை ஒரு தடவை கிட்டத்தில் நின்று பார்த்தால் புரியும். டிரக்கை இன்ச் இன்ச்சாகப் பின்னால் எடுக்க வேண்டும். கிங்பின் என்கிற அந்த 2 அங்குல எஃகு முளை, ஹிட்ச் தட்டின் வாய்க்குள் வழுக்கிப் போகும். 'டக்' என்று ஒரு சத்தம். தாடைகள் மூடிக்கொண்டன என்று அர்த்தம். அர்த்தம்தான், உத்தரவாதம் இல்லை. ஒரு காலையில் சத்தம் கேட்டதே என்று டிரெய்லரின் முன்கால்களைத் தூக்கிவிட்டு நகர்த்தினேன். முளை வழுக்கி வெளியே வந்து, டிரெய்லரின் மூக்கு டிரக் பெட்டின் இரண்டு பக்கச் சுவர்களிலும் உட்கார்ந்துவிட்டது. அந்த நசுங்கல் இன்னும் இருக்கிறது, சரிசெய்யவில்லை. இப்போதெல்லாம் கால்கள் தரையைத் தொட்டபடி இருக்கும்போதே டிரெய்லர் பிரேக்கை அழுத்திக்கொண்டு டிரக்கை முன்னால் ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பேன். பிடித்துக்கொண்டால்தான் கால்களைத் தூக்குவது. பின்கதவு இறக்கியிருக்கிறதா என்பதையும் அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

குட்டையான பெட் உள்ள டிரக்காக இருந்தால் இன்னொரு தலைவலி. கூர்மையாகத் திருப்பும்போது டிரெய்லரின் முன்மூலை டிரக்கின் பின் கண்ணாடியை உடைக்க வரும். அதற்காகவே பின்னால் நகரும் ஹிட்ச் விற்கிறார்கள். அதன் எடையையும் கதவுச் சீட்டின் எண்ணிலிருந்துதான் கழிக்க வேண்டும்.

உயரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபிஃப்த் வீல் பெரும்பாலும் 12 அடிக்கு மேல், 13 அடி 6 அங்குலத்தைத் தொடுகிறவையும் உண்டு. வட கரோலினாவின் டர்ஹாமில் 11 அடி 8 அங்குல ரயில்பாலம் ஒன்று வருடக்கணக்காக லாரிகளின் கூரையை டப்பா மூடிபோல் உரித்துக்கொண்டிருந்தது. 2019-இல் 8 அங்குலம் தூக்கி 12 அடி 4 ஆக்கினார்கள். அப்படியும் எங்களுடையது அதற்குள் நுழையாது. காரின் ஜிபிஎஸ் வழிகாட்டிக்கு நம் உயரம் தெரியாது. உயரத்தைப் பதிவு செய்யும் வசதியுள்ள லாரி வழிகாட்டியைத்தான் நம்ப வேண்டும். டாஷ்போர்டில் உயரத்தை எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். டிராவல் டிரெய்லர்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு, பல 11 அடிக்குள் அடங்கிவிடும். பஸ் போன்ற பெரிய கிளாஸ் ஏ ரக மோட்டார் ஹோம்கள் எங்கள் கட்சி.

ஃபிஃப்த் வீலை முகாமில் இறக்கிவிட்டால் டிரக் நம் கையில் இருக்கிறதே, ஊர் சுற்றலாமே என்பார்கள். உண்மைதான், மோட்டார் ஹோமைவிடப் பெரிய சௌகரியம் அது. மோட்டார் ஹோம்காரர்கள் பால் வாங்கப் போனாலும் வீட்டையே கிளப்ப வேண்டும், அல்லது பின்னால் ஒரு காரைக் கட்டி இழுத்து வர வேண்டும். ஆனால் மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் கோயிங்-டு-தி-சன் சாலையின் மலைப்பகுதியில் 21 அடி நீளத்துக்கு மேல் எந்த வண்டிக்கும் அனுமதி இல்லை. டிரெய்லரை இறக்கிவிட்டு ஜம்பமாகப் போனோம். நான்கு கதவும் 8 அடி பெட்டும் உள்ள எங்கள் டிரக் மட்டுமே 22 அடி! அப்புறம் பூங்காவின் ஷட்டில் பஸ்ஸில்தான் போனோம்.

பராமரிப்பில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பகுதி மூன்றுக்கும் ஒன்றுதான். அமெரிக்காவில் இவை பெரும்பாலும் இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் தயாராகின்றன. ரப்பர் கூரை, ஓரங்களில் பூசும் சீலன்ட், தண்ணீர் பம்ப், கேஸ் அடுப்பு எல்லாம் ஏறக்குறைய ஒரே குடும்பம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூரையில் ஏறி, சீலன்ட் எங்கே வெடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். முடியிழை அளவு விரிசல் போதும், மழைநீர் சுவருக்குள் இறங்கி மரச்சட்டத்தை உளுக்க வைத்துவிடும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். 13 அடி உயரத்தில் மண்டியிட்டுக்கொண்டு இந்த வேலை செய்வது ஐம்பத்தெட்டு வயதில் உற்சாகமாக இல்லை. பழைய டிரெய்லரில் ஸ்லைடு ஒன்றுதான். இதில் மூன்று. சுவர் நகர்ந்து வெளியே போய் அறை அகலமாவது அழகு. ஆனால் ஒவ்வொரு ஸ்லைடும் சுவரில் நாமே போட்டுக்கொண்ட ஓட்டை. அதன் ரப்பர் பட்டையையும் மோட்டாரையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சக்கரப் பகுதியில்தான் வித்தியாசம். இழுக்கும் இரண்டிலும் பேரிங்குக்குப் புது கிரீஸ் வைப்பது 12,000 மைலுக்கு ஒரு தடவை, அல்லது வருடத்துக்கு ஒரு தடவை, எது முந்துகிறதோ அது. டயரைப் பட்டன் தேய்வதை வைத்து எடை போடக்கூடாது, வயதை வைத்துத்தான். பக்கவாட்டில் இருக்கும் கடைசி நான்கு இலக்கங்களில் 2321 என்று இருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிடுவது என் வழக்கம், பார்வைக்குப் புதுசாக இருந்தாலும். ஓடும்போது வெடித்தால் டயரோடு போகாது. அடித்தட்டு, கேஸ் குழாய், வயர்கள் எல்லாவற்றையும் கிழித்துவிட்டுத்தான் போகும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரெய்லர் சக்கரங்களின் சூட்டைப் பார்க்க மனைவி வெப்பமானித் துப்பாக்கியோடு இறங்கிவிடுவாள். நியூ மெக்சிகோவில் ஓர் ஓய்விடத்தில் வலப்பக்கம் 118, 121 டிகிரி ஃபாரன்ஹீட். இடப்பக்க முன்சக்கரம் 122. "ஏங்க, இது மட்டும் 190 காட்டுது" என்றாள், பின்சக்கரத்தின் பக்கத்திலிருந்து. கழற்றிப் பார்த்தால் உள் சீல் கிழிந்து, கிரீஸ் முழுக்கப் பிரேக்கில் வழிந்திருந்தது. கிளம்புவதற்கு முன் ஒரு பணிமனையில் காசு கொடுத்துச் செய்த வேலை அது. அதற்குப் பிறகு பேரிங்கை நானே செய்கிறேன். ஒரு முழு சனிக்கிழமையைத் தின்றுவிடும்.

மோட்டார் ஹோமில் இதெல்லாம் குறைவு. பதிலாக முழு எஞ்சின், டிரான்ஸ்மிஷன், ஏர் பிரேக் உள்ளவற்றில் அதன் பராமரிப்பு. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்பதுதான் அவற்றுக்குப் பெரிய வியாதி. எனக்கு ஒத்துவராத விஷயம் வேறு. எஞ்சின் பழுதானால் வீடே பட்டறைக்குப் போய்விடும், நாம் பெட்டி படுக்கையோடு மோட்டலுக்கு. எங்கள் டிரக் படுத்தால் வேறொரு டிரக்கை வைத்து இழுக்கலாம். வீடு வீடாகவே இருக்கும்.

ஆனால் பயணத்தின்போது மோட்டார் ஹோம்தான் ராஜா. மழையில் வந்து நின்றால் கீழே இறங்காமலே படுக்கப் போகலாம். நாங்கள் குடையோடு இறங்கி, டிரெய்லரைச் சமப்படுத்தி, தண்ணீர், மின்சாரம் மாட்டி, ஸ்லைடைத் திறக்க அரைமணி நேரம். தினமும் ஊர் மாறுகிறவர்களுக்கு ஃபிஃப்த் வீல் தண்டனை. இரண்டு வாரம், ஒரு மாதம் என்று ஓரிடத்தில் நிற்பவர்களுக்குத்தான் அதன் உயர்ந்த கூரையும், நின்றபடி குளிக்க முடிகிற அறையும் காசுக்குத் தகும். அரிசோனாவின் குவார்ட்ஸைட்டில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பாலைவனத்தில் தங்க அரசு அனுமதிச் சீட்டு தருகிறது. குளிருக்குப் பயந்து வடக்கிலிருந்து வருகிறவர்கள் அங்கே மாதக்கணக்கில் குடியிருப்பார்கள். அப்படிப்பட்ட வாழ்க்கைக்குச் செய்த வண்டி இது.

இனி அந்தப் பாத்ரூம் கதை. கழிவறைக்கு ஒரு டேங்க், சமையல், குளியல் தண்ணீருக்கு இன்னொன்று. மூன்று வகை வண்டியிலும் இதே. முகாமில் கழிவுக் குழாய் மாட்டியிருந்தாலும் கழிவறை வால்வைத் திறந்தே விடக்கூடாது. தண்ணீர் ஓடிவிடும், மற்றது கோபுரமாக நின்றுவிடும். முக்கால்வாசி நிறையட்டும் என்று காத்திருந்து திறக்க வேண்டும். அதன் பிறகு இன்னொரு டேங்க்கின் சோப்புத் தண்ணீரை விட்டால் குழாயும் கழுவப்படும். நம் சமையலில் அந்த இன்னொன்றுதான் சீக்கிரம் நிறையும். அரிசி களைந்த தண்ணீர் போதும்.

குளிர்காலத்தில் நிறுத்தி வைக்கும்போது குழாய்களில் ஆன்ட்டிஃப்ரீஸ் என்கிற இளஞ்சிவப்பு உறையாத் திரவத்தை ஏற்றுவது எல்லோருக்கும் பொது, விட்டால் வசந்தத்தில் குழாய் வெடித்திருக்கும். ஓட்டுநர் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 10,000 பவுண்டைத் தாண்டி 15,000 வரையுள்ள ஃபிஃப்த் வீலுக்குச் சாதாரண உரிமத்தில் கூடுதல் குறிப்பு வாங்கினால் போதும். அதே 10,000 பவுண்டைத் தாண்டிய டிராவல் டிரெய்லருக்கோ வணிகம் சாராத ஏ வகுப்பு உரிமம் வேண்டும். ஏன் இந்தப் பாரபட்சம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

போன மாதம் டல்லாஸ் பக்கத்திலிருந்து நண்பர் ஒருவர் அழைத்தார். 10,500 பவுண்டு ஃபிஃப்த் வீல், ஹாஃப்-டன் டிரக்கே இழுக்கும் என்று சொன்னார்களாம். கதவைத் திறந்து சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 1,512 என்று வந்தது. கிங்பின் மட்டுமே 2,100 வருமே என்று கணக்கை எழுதி அனுப்பினேன். வெகுநேரம் பதில் இல்லை. அப்புறம் வந்தது: "முன்பணம் கட்டிட்டேன் அண்ணா."

"திருப்பித் தருவாங்களான்னு கேளுங்க தம்பி" என்று பதில் போட்டேன்.