லாஸ் வேகாஸ் – டோனோபா: யூ.எஸ். 95 பாலைவனச் சாலை, இரண்டு நாள் பயணம் எப்படி?

லாஸ் வேகாஸிலிருந்து ரீனோவுக்கு யூ.எஸ். 95 வழியாகப் போய்வருகிறவர்களைக் கேட்டால், 'வழியெல்லாம் வெறும் பொட்டல்' என்பார்கள். மணிக்கு 70 மைலில் போனால் அப்படித்தான் தெரியும். இந்த மதிப்புரை அந்தச் சாலையின் முதல் 210 மைலுக்கு மட்டும்: பீட்டி, கோல்டுஃபீல்டு, டோனோபா என்று மூன்று சின்ன ஊர்கள். நெவாடாவில் இரண்டு நாள் ஓய்வு கிடைத்தால் தாராளமாக இதற்குக் கொடுக்கலாம். ஒரே நாளில் போய்த் திரும்ப நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. போக மூன்றேகால் மணி, வர மூன்றேகால் மணி என்று பகல் முழுவதும் காரிலேயே போய்விடும். மிச்ச நேரத்தில் பார்ப்பதையும் உச்சி வெயிலில்தான் பார்க்க வேண்டும். டோனோபாவின் இரவு வானமும் கிடைக்காது.

காலை ஆறு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். அமர்கோசா வேலியில் வேற்றுக்கிரகவாசி பொம்மைகள் விற்கும் கடைக்குப் பத்து நிமிடம் போதும். பீட்டிக்கு சுமார் 115 மைல். அங்கிருந்து 374-ஆம் எண் சாலையில் மேற்கே நாலு மைல் போனால் ரையோலைட்டுக்குப் பிரியும் வழி வரும். பாழூரான ரையோலைட்டுக்குச் சற்று முன்னால் கோல்டுவெல் திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தப் பாதையிலேயே மிகச் சிறந்த இடம் இதுதான். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உள்ளே போகலாம்.

பெல்ஜியச் சிற்பி ஆல்பர்ட் ஷுகால்ஸ்கி 1984-ல் இங்கே இயேசுவின் கடைசி இராப்போஜனக் காட்சியை அமைத்தார். ஆட்களை நிற்கவைத்து, ஈரப் பிளாஸ்டரில் தோய்த்த சாக்குத்துணியை அவர்கள்மேல் போர்த்தி, துணி தானாக நிற்கும் அளவுக்கு இறுகியதும் ஆளை வெளியே எடுத்துவிட்டார். அதனால் முகமும் உடம்பும் இல்லாமல் போர்வைகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. வெயிலும் காற்றும் அரிக்காமலிருக்க ஃபைபர்கிளாஸ் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். வெள்ளை உருவங்கள் என்பதால் இங்கே நேரம் முக்கியம். காலை எட்டு மணிச் சாய்வெயிலில் துணி மடிப்பு ஒவ்வொன்றிலும் நிழல் விழும், உள்ளே இருக்கும் வெற்றிடம் தெரியும். பன்னிரண்டு மணிக்குப் போனால் சுண்ணாம்படித்த தூண்களைப் போலத் தட்டையாக இருக்கும்.

அருகிலேயே ஹ்யூகோ ஹெய்ர்மன் 1992-ல் கட்டிய 25 அடிப் பெண் உருவம். கட்டுமானக் கட்டைகளை அடுக்கிச் செய்தது. கணினித் திரையில் புள்ளிகள் சேர்ந்து படமாவதைப்போல இதற்கும் தூரம் வேண்டும். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தால் வெறும் கட்டைகள்தான் வரும். நாற்பது ஐம்பது அடி பின்னால் போய்ப் பாருங்கள்.

ரையோலைட் 1904-ல் தங்கம் கண்டதால் முளைத்த ஊர். 1916-ல் மின்சாரத்தையும் துண்டித்துவிட்டார்கள். 1908-ல் எழும்பிய மூன்று மாடி குக் வங்கி இன்று கூரையில்லாத சுவராக நிற்கிறது. அதைவிட நின்று பார்க்கவேண்டியது டாம் கெல்லி 1906-ல் கட்டிய பாட்டில் வீடு. பாலைவனத்தில் மரம் அரிது. மதுக்கடைகள் நிறைந்த சுரங்க ஊரில் காலி பாட்டிலுக்குப் பஞ்சமில்லை. சுமார் 50,000 பாட்டில்களைச் செங்கல்லாக வைத்துக் கட்டிவிட்டார். இடிந்த சுவர்களுக்குள் ஏறி நுழைவது வேண்டாம். கற்குவியல்களில் வாலை ஆட்டி ஒலியெழுப்பும் விஷப் பாம்புகள் இருக்கும். செருப்பு போதாது, ஷூ போடுங்கள். இரண்டு இடத்துக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஒதுக்கலாம்.

பீட்டிக்குத் திரும்பி டாங்கை நிரப்பிவிடுங்கள். அடுத்து டோனோபாவரை 93 மைல். இடையில் கோல்டுஃபீல்டில் பெட்ரோல் கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. பீட்டியின் வடகோடியில் பங்க்கோடு சேர்ந்திருக்கும் டெத் வேலி நட் அண்ட் கேண்டி கடை பெரியது. முந்திரி, பாதாம், உலர்பழம், ஐஸ்கிரீம் எல்லாம் உண்டு. மிட்டாய்களை வாங்கிக் காரில் வைத்தால் உருகிவிடும். பருப்பு வகைகள் போதும். ஊருக்குள் திரியும் காட்டுக்கழுதைகளுக்குத் தீனி நீட்டாதீர்கள். கார் நின்றால் சாப்பாடு வரும் என்று பழகிய கழுதை ரோட்டிலேயே நிற்கும், இரவில் அடிபடும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊர்களில் உருளைக்கிழங்கு வறுவலும் சாலடும்தான் பெரும்பாலும் கிடைக்கும். புளியோதரை கட்டிக்கொண்டு போவது நல்லது. தயிர்சாதம் கோடையில் பீட்டி வருவதற்குள் புளித்துவிடும். தண்ணீர் ஆளுக்கு நாலு லிட்டர்.

கோல்டுஃபீல்டு 1906 வாக்கில் நெவாடாவின் மிகப் பெரிய நகரம். 1923-ல் வந்த தீ ஊரின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. 1907-ல் கட்டிய எஸ்மெரால்டா மாவட்ட நீதிமன்றம் இன்றும் அலுவலகமாக இயங்குகிறது, ஆகவே வார நாளில் போனால்தான் உள்ளே பார்க்கலாம். 1908-ஆம் ஆண்டின் நான்கு மாடி ஹோட்டல் பூட்டிக் கிடக்கிறது, வெளியிலிருந்து படம் எடுக்கலாம்.

ஊரின் தென்பகுதியில் மண் பாதையில் திரும்பினால் கார் காடு. நாற்பதுக்கும் மேற்பட்ட கார், வேன், லாரிகளை மூக்கை மண்ணில் புதைத்துச் செங்குத்தாக நட்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏற்றியும் வைத்து, உடம்பெல்லாம் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். இதற்கும் கட்டணம் இல்லை. கண்ணாடித் துண்டுகளும் துருப்பிடித்த தகரமும் தரையெங்கும் கிடப்பதால் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் செடான் காரை உள்ளே விடாமல் மேலேயே நிறுத்திவிட்டு நடங்கள். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தில் மண் சாலைக்கு அனுமதி உண்டா என்று முன்பே பாருங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல புதிய கார்களில் காற்றடிக்கும் கருவி மட்டுமே வருகிறது, டயர் பக்கவாட்டில் கிழிந்தால் அது உதவாது.

டோனோபா 6,000 அடி உயரம். கோடையிலும் இரவுக்கு ஸ்வெட்டர் வேண்டும், குளிர்காலத்தில் பனி விழும். இங்கே தங்க இரண்டு நல்ல வாய்ப்புகள். 1985-ல் ஒரு சகோதரனும் சகோதரியும், தந்தை சேர்த்துவைத்த 150 கோமாளி பொம்மைகளோடு தொடங்கிய கிளௌன் மோட்டல் ஒன்று. பக்கத்து மனையிலேயே 1901 முதல் 1911 வரை பயன்பட்ட இடுகாடு. 1911 பெல்மான்ட் சுரங்கத் தீயில் இறந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். கோமாளி முகம் கண்டால் அழும் குழந்தையோடு போகிறவர்கள் வரவேற்பறையை மட்டும் பார்த்துவிட்டு, 1907-ல் கட்டிய மிஸ்பா ஹோட்டலில் அறை எடுங்கள். மிஸ்பாவுக்குப் பின்னால் உள்ள சுரங்கப் பூங்காவுக்கு மாலையில் இரண்டு மணி நேரம் கொடுக்கலாம், மூடும் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இருட்டிய பிறகு கிளேர் பிளாக்பர்ன் நட்சத்திரப் பூங்காவுக்குப் போங்கள். அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்த்துப் பயணத்தை வைத்தால் பால்வெளி வெறுங்கண்ணுக்கே தெளிவாகத் தெரியும். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும், அதுவரை போனைத் தொடாதீர்கள்.

மறுநாள் திரும்பும்போது இரண்டு எச்சரிக்கை. பீட்டியிலும் கோல்டுஃபீல்டிலும் வேக வரம்பு 70-லிருந்து படிப்படியாக 25-க்கு இறங்கும். முதல் பலகையிலேயே காலைத் தளர்த்தாவிட்டால் அபராதம் உறுதி. ஊர்களுக்கு நடுவில் போன் சிக்னல் நெடுந்தூரம் இருக்காது என்பதால் வரைபடத்தை அறையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்குமேல் கிளம்பினால், சூரியன் சாயும் நேரத்தில் கோல்டுவெல்லில் இன்னொரு முறை நிற்கலாம். இம்முறை ஒளி எதிர்ப்பக்கத்திலிருந்து விழும், காலையில் பார்த்த போர்வைகளே வேறாகத் தெரியும்.