செல் உயரம்: கையால் கணக்கா, கன்ஸ்ட்ரெயின்ட்டா?

ஐபோன் ஆப்பில் டேபிள்வியூவுக்கு (வரிசை வரிசையாகப் பட்டியல் காட்டும் பகுதி) சொந்தமாக செல் (அதன் ஒரு வரிசை) வடிவமைத்த யாருக்கும் இது தெரிந்த தொல்லை: முதல் வரி ஒழுங்காக இருக்கும், அடுத்த வரி பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். ஆப்பைத் தமிழாக்கினால் கேட்கவே வேண்டாம். 'லாக் அவுட்' ஒரே வரியில் அடங்கியது. 'கணக்கிலிருந்து வெளியேறு' அடுத்த வரிக்கு வழிகிறது, செல்லோ அதே 44 பாயிண்ட் உயரத்தில் அசையாமல் கிடக்கிறது.

பழைய வழி, ஒவ்வொரு வரிசைக்கும் உயரம் கேட்கும் ஃபங்ஷனான ஹைட்ஃபார்ரோவில் உயரத்தை நாமே கணக்கிட்டுக் கொடுப்பது. எல்லாம் நம் கையில், வேகமும் உண்டு. ஆனால் எழுத்தின் உயரத்தை அளக்கும்போது ஓர அம்புக்குறி எடுத்துக்கொள்ளும் அகலத்தைக் கழிக்க மறந்தால் கடைசி வரி போச்சு. பின்னத்தை மேல்நோக்கி முழுமையாக்காவிட்டாலும் அதே கதிதான். பயனர் எழுத்தளவைப் பெரிதாக்கினால் மொத்தக் கணக்கையும் திரும்பப் போட வேண்டும். ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 11 வரும் வரை, தோராய உயரம் தராவிட்டால் 5,000 வரிசைக்கும் முன்கூட்டியே உயரம் கேட்டு நின்றது டேபிள்.

2014இல் ஐஓஎஸ் 8 கொண்டுவந்தது இரண்டாம் வழி: ரோஹைட்டை (வரிசையின் உயர அமைப்பு) ஆட்டோமேட்டிக் டைமென்ஷன் என்று வைத்துவிட்டு, அளப்பதை ஆட்டோ லேஅவுட்டிடம் விட்டுவிடுவது. எது எதிலிருந்து எவ்வளவு தள்ளி என்று நாம் போடும் விதிகளை, அதாவது கன்ஸ்ட்ரெயின்ட்டுகளை, வைத்து அது அளவைத் தானே போடும். என் ஓட்டு இதற்கே. 'வேலை செய்யவில்லை' என்று வருபவர்களின் நிரலைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே குறைதான்: கன்டென்ட்வியூவின் (செல்லின் உள்ளடக்கம் உட்காரும் பகுதி) மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்பு வரை கன்ஸ்ட்ரெயின்ட் சங்கிலி எங்கோ அறுந்திருக்கும். கடைசி லேபிளை (எழுத்தைக் காட்டும் பகுதி) கீழ்விளிம்போடு கட்டியிருக்க மாட்டார்கள். அல்லது லேபிளின் வரி எண்ணிக்கையை 0 (அதாவது வரம்பில்லை) ஆக்கியிருக்க மாட்டார்கள். லேபிளையும் பொத்தானையும் கன்டென்ட்வியூவில் சேர்க்காமல் செல்லிலேயே நேராகச் சேர்ப்பவர்களும் உண்டு. ஐஓஎஸ் 14க்குப் பிறகு அப்படிச் சேர்த்த பொத்தான் தொட்டாலும் அசையாது.

சங்கிலி சரியாக இருந்தும் கன்சோலில் 'என்கேப்சுலேட்டட் லேஅவுட் ஹைட்' என்று எச்சரிக்கை கொட்டுகிறதா? பதற வேண்டாம். டேபிள் தற்காலிகமாகப் போட்ட உயரம் உங்கள் கன்ஸ்ட்ரெயின்ட்டோடு மோதுகிறது. கீழ் கன்ஸ்ட்ரெயின்ட்டின் முன்னுரிமையை, கட்டாயம் என்ற 1000இலிருந்து 999க்கு இறக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஸ்க்ரோல் துள்ளினால், காட்டி முடித்த செல்லின் உயரத்தைச் சேமித்து வைத்து, அடுத்த முறை அதையே தோராய உயரமாகக் கொடுங்கள். ஹிடன் செய்து மறைத்த படம் தன் இடத்தை விட்டுக்கொடுக்காது என்பதும் நினைவிருக்கட்டும். உள்ளிருப்பவற்றை அடுக்கி வைக்கும் ஸ்டாக்வியூவுக்குள் இருந்தால் மட்டுமே இடம் சுருங்கும்.

மூன்றாவது, ஐஓஎஸ் 16இல் வந்த ஹோஸ்டிங் கான்ஃபிகரேஷன். செல்லுக்குள் ஆப்பிளின் புதிய திரை வடிவமைப்பு முறையான ஸ்விஃப்ட்யூஐயில் எழுதலாம். உள்ளடக்கம் வளர்ந்தால் செல்லும் தானாக வளரும். சுகமான வழிதான். ஆனால் ஐஓஎஸ் 15 வைத்திருப்பவர்களை விட முடியாதென்றால் இந்தக் கதவு மூடியாயிற்று. புதிதாகத் தொடங்கும் ஆப்பென்றால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். கேட்காமலே சுற்றிலும் இடைவெளி விட்டிருக்கிறதே என்று முதல் நாள் குழம்புவீர்கள். மார்ஜின்ஸை 0 ஆக்கினால் போய்விடும்.

கையால் கணக்கிடும் வழியை இன்றும் நான் தொடுவது ஓரிடத்தில் மட்டும்: ஆயிரக்கணக்கில் செய்திகள் ஓடும் சாட் திரை. அங்கேயும் அளந்த உயரத்தைச் சேமித்து வைத்துக்கொண்டுதான்.