இரவில் மரத்துப்போகும் கை: ஸ்பிளிண்ட் போடுவதா, பயிற்சி செய்வதா?

நள்ளிரவில் கை மரத்துப்போய் விழிப்பு வரும். எழுந்து உட்கார்ந்து உதறினால் மெல்ல உணர்வு திரும்பும். மூன்று மாதம் எனக்கு இப்படித்தான் போயிற்று. வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி வரை ஊசி குத்தும். சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றும் இருக்காது. மருத்துவர் முதலில் கேட்டதே சுண்டுவிரலைப் பற்றித்தான். மற்ற விரல்களுக்கு உணர்வு தரும் மீடியன் நரம்பு, ஒன்பது தசைநாண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு மணிக்கட்டில் ஒரு குறுகிய பாதை வழியாகப் போகிறது. அதுதான் கார்ப்பல் டனல். அங்கே நரம்பு நசுங்குவதால் வரும் இந்தத் தொல்லையையும் அதே பெயரால்தான் சொல்கிறார்கள். சுண்டுவிரலின் நரம்பு அந்தப் பாதைக்குள் வருவதில்லை. ஆரம்ப நிலைதான், ஆறு வாரம் வீட்டிலேயே பார்க்கலாம் என்றார்.

வீட்டில் என்ன செய்வது என்று விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இரவில் ஸ்பிளிண்ட் (மணிக்கட்டை மடங்காமல் பிடித்து வைக்கும் கட்டு) போடு, பயிற்சி செய், எலாஸ்டிக் உறை மாட்டு, வலி மாத்திரை எடு. இவை எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்துவிட்டு நான் ஸ்பிளிண்ட் பக்கம் வந்து சேர்ந்தேன். இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

மாத்திரையை முதலில் முடித்துவிடுகிறேன். இபுபுரூஃபன் வகை மாத்திரைகளைக் கார்ப்பல் டனலுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், மருந்தில்லாத போலி மாத்திரையைவிடப் பெரிய பலன் தெரியவில்லை. தசைநாண்களைச் சுற்றியுள்ள சவ்வு தடித்துப்போவதுதான் இங்கே பெரும்பாலும் நடக்கிறது. அழற்சிக்கான மாத்திரைக்கு அங்கே வேலை குறைவு. வைட்டமின் பி6 நல்லது என்று பலர் சொல்வார்கள். உறுதியான ஆதாரம் இல்லை. அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும், சரி. ஆனால் மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, மற்றக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். எலாஸ்டிக் உறையால் மணிக்கட்டு மடங்குவதைத் தடுக்க முடியாது. இறுக்கமாக இருந்தால் ஏற்கெனவே நெருக்கடியில் உள்ள இடத்தை இன்னும் அழுத்தும்.

பயிற்சிக்கு நியாயமாக இடம் கொடுக்க வேண்டும். விரல்களை நேராக நீட்டி, கொக்கிபோல் வளைத்து, முழுதாக மூடி, மறுபடி நீட்டுவது ஒரு வகை. மணிக்கட்டையும் கட்டைவிரலையும் மெல்ல விரித்து நரம்பை அசைய விடுவது இன்னொரு வகை. நாளுக்கு மூன்று வேளை, ஐந்து நிமிடம் செய்தேன். பகலில் விரல் விறைப்பு குறைந்தது உண்மை. இரவு விழிப்பு மட்டும் குறையவில்லை. நன்றாக நீட்டினால் சீக்கிரம் சரியாகும் என்று இழுத்துச் செய்த நாட்களில் ஊசி குத்துவது கூடியது. என்னைவிடப் பொறுமையாக, சரியான வழிகாட்டலோடு செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைத்திருக்கலாம்.

இனி ஸ்பிளிண்ட். இதில் எல்லாமே ஒரு விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது: மணிக்கட்டின் கோணம்.

1981-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மணிக்கட்டுக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அந்தப் பாதையின் அழுத்தத்தை அளந்தார்கள். ரத்த அழுத்தம் அளக்கும் அதே அலகுதான். கை நேராக இருக்கும்போது, நோய் இல்லாதவர்களுக்குச் சராசரியாக 2.5, கார்ப்பல் டனல் உள்ளவர்களுக்கு 32. அந்த நோயாளிகள் மணிக்கட்டை உள்பக்கம் மடக்கியபோது 94, பின்பக்கம் வளைத்தபோது 110. தூக்கத்தில் கையை மடக்கித் தலையணைக்கடியில் செருகிக்கொள்ளும் நமக்கு ஏன் இரவில் மட்டும் விழிப்பு வருகிறது என்பது இதில் புரியும். பின்பக்கம் வளைப்பதும் அதே அளவு கெடுதல் என்பதைத்தான் நான் கவனிக்கத் தவறினேன்.

கடையில் கிடைக்கும் ஸ்பிளிண்ட் பல, கையை 20 டிகிரி அளவுக்குப் பின்னால் தூக்கி வைக்கும்படி வளைந்தே வருகின்றன. நான் வாங்கியதும் அப்படித்தான். இரண்டு வாரம் ஒழுங்காக அணிந்தும் பலன் இல்லை. தூக்கி எறியலாம் என்று இருந்தபோது பிசியோதெரபிஸ்ட் ஒருவர் அதைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்து, உள்ளே இருக்கும் உலோகப் பட்டையை உருவி நேராக்கச் சொன்னார். மேசை விளிம்பில் வைத்து நிமிர்த்தினேன். அடுத்த பத்து நாளில் விழிப்பு வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்று இறங்கியது. நேர்க்கோணத்தையும் 20 டிகிரியையும் ஒப்பிட்ட 1994-ஆம் ஆண்டு ஆய்விலும் நேராக வைத்தவர்களுக்கே நிவாரணம் அதிகம் கிடைத்திருக்கிறது.

அணிந்த பிறகு முழங்கையை மேசையில் ஊன்றிப் பக்கவாட்டில் பாருங்கள். முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கமும் சாயக் கூடாது. கட்டும் வாருக்குள் ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு போதும். விரல்கள் அசைய இடம் இருக்கட்டும், ஆனால் முஷ்டி பிடித்துத் தூங்காதீர்கள். விரலை மூடும்போது உள்ளங்கையின் சிறு தசைகள் அந்தப் பாதைக்குள் இழுபட்டு இடத்தை இன்னும் குறைக்கும்.

தொல்லைகளும் உண்டு. முதல் நான்கு இரவு தூக்கம் சரியில்லை, வியர்வையில் தோல் அரித்தது. உள்ளே மெல்லிய பருத்தி உறை போட்ட பிறகு அரிப்பு நின்றது. பகலில் அணிந்து தட்டச்சு செய்தபோது பளு முழங்கைக்கும் தோளுக்கும் போனதால் அதை விட்டுவிட்டேன். பகலிலும் அணிந்து குணம் கண்டவர்கள் இருக்கலாம், எனக்கு இரவு அனுபவம் மட்டும்தான்.

ஊசி போட்டுக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடுமே என்று கேட்பவர்களுக்கு: பிரிட்டனில் ஒரு ஸ்டீராய்டு ஊசியையும் இரவு ஸ்பிளிண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2018-இல் வெளிவந்தது. ஆறு வாரத்தில் ஊசி முந்தியது. ஆறு மாதத்தில் வித்தியாசம் இல்லை. வேதனை தாங்க முடியாதவருக்கு அந்த ஆறு வாரம் பெரிது. எனக்குக் காத்திருக்க முடிந்தது.

நான் சொல்வது இரவில் வந்து, உதறினால் போகும் ஆரம்ப நிலைக்கு மட்டும். தைராய்டு குறைபாடோ சர்க்கரை நோயோ பின்னால் இருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாள் முழுக்க மரத்தே இருக்கிறது, பிடித்த பொருள் நழுவுகிறது, கட்டைவிரலின் அடிச்சதை மற்றக் கையைவிட வற்றித் தெரிகிறது என்றால் ஆறு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள். அந்தச் சதை வற்றிவிட்டால், அறுவை சிகிச்சைக்குப் பிறகும் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.